இளைப்பவரை நடக்க விடுங்கள்

மூச்சு வாங்குகிறவரை உட்காரச் சொல்வதே நம் இல்லங்களில் அன்பின் முதற் கடமையாகக் கருதப்பட்டு வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறையைச் சுற்றியுள்ள கிராமங்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், திண்ணையில் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க, உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரைக் காணலாம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாமென்று எழுந்தால், "நீங்க உக்காருங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்று மருமகள் ஓடி வந்து வாளியை வாங்கிக்கொள்வாள். அந்தப் பெண்ணின் பரிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அந்தப் பரிவு நாள்தோறும் தொடரத் தொடர, முதலில் தோட்டத்துக்குப் போவது நிற்கிறது. பிறகு டீக்கடைக்குப் போவது நிற்கிறது. பிறகு தெருக்கோடிக் குழாயடியும் தூரமாகி, முடிவில் கட்டிலை விட்டு வாசற்படி வரை வருவதே பெரும் பிரயாணமாகிவிடுகிறது. வியாதி அவரிடமிருந்து பறித்ததைக் காட்டிலும், வியாதிக்கு அஞ்சி நாம் விதித்த ஓய்வு பறித்ததே அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றும், சி.ஓ.பி.டி. என்றும் வைத்தியர்கள் குறிப்பிடுகிற, ஊரார் இளைப்பு என்றும் வீசிங் என்றும் சொல்கிற இந்த வியாதிக்குரிய காரணங்கள் எவையும் இந்தச் சீமைக்கு அந்நியமானவை அல்ல. மழையை நம்பிச் சோளமும் நிலக்கடலையும் விதைக்கிற இந்த வானம் பார்த்த பூமியில், எதுவும் விளையாத ஆண்டிலும் சீமைக் கருவேலம் தழைக்கிறது. அதன் விறகே அடுப்புக்கு வருகிறது. புகைபோக்கியோ ஜன்னலோ இல்லாத அடுக்களையில் அந்தப் புகையைப் பத்து வயதிலிருந்து அறுபது வயது வரை சுவாசித்த பெண்களின் மார்பு, வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டறியாத போதிலும், புகைபிடித்தவர் மார்பைப் போலவே பழுதுபடக்கூடும். ஆண்களுக்கோ பீடியும் சுருட்டும் இருக்கின்றன. திண்டுக்கல் சுருட்டின் பிரசித்தியும், அருகிலுள்ள வேடசந்தூரில் 1948 ஆம் ஆண்டிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டதும், இந்த மண்ணுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதைக் காட்டும். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு வேன்களில் ஏறிப் போகிற இளம் பெண்களும் ஆண்களும் பஞ்சுத் தூசிக்கு நடுவே வேலை செய்கிறார்கள். பஞ்சுத் தூசியால் உண்டாகும் நுரையீரல் நோயில், விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் முதல் நாளன்று நெஞ்சு இறுகுவது பிரதான அடையாளமாகும். கல் உடைக்கிறவர்களும் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்களும் வேறொரு தூசியைச் சுவாசிக்கிறார்கள். இவர்களோடு, காசநோய் மருந்தை முறையாகச் சாப்பிட்டுக் குணமாகி, கிருமி ஒழிந்தும் வடு ஒழியாமல், ஐம்பது அடி நடப்பதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குகிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் முதலானோர் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதைக் கண்டார்கள். இந்தியா முழுவதிலும் 2016 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததென்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. அதே 2016 இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் சமையல் எரிவாயு சிலிண்டர் பல வீடுகளுக்கு வந்துவிட்டது மகிழ்ச்சிக்குரியதுதான். எனினும் நாளை வரவிருக்கும் நோயைத்தான் அது தடுக்கும். ஏற்கெனவே நோயுற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை காண, நடக்கும்போது அவருடைய மார்புக்குள் நிகழ்வது என்னவென்று அறிந்துகொள்ள வேண்டும். பொதுவாக எல்லோரும் நினைப்பது, இளைப்புக்காரருக்குக் காற்று உள்ளே போக மாட்டேனென்கிறது என்பதாகும். உண்மையில் காற்று உள்ளே போய்விடுகிறது. வெளியே வருவதில்தான் தடை. மூச்சுக் குழல்கள் குறுகியும் தளர்ந்தும் போனமையால், விடுகிற மூச்சு முற்றிலும் வெளியேறுவதற்கு நேரம் பிடிக்கிறது. உட்கார்ந்திருக்கையில் அந்த நேரம் கிடைக்கிறது. நடக்கத் தொடங்கியதும் மூச்சு வேகமாகிறது. முன் இழுத்த காற்று வெளியேறு முன்னரே அடுத்த மூச்சு இழுக்கப்பட்டு, ஒவ்வொரு சுவாசத்திலும் சிறிது காற்று உள்ளே தங்கிக்கொண்டே போகிறது. காற்று இறங்காத துருத்தியை மேலும் மேலும் விரிக்கப் பார்க்கும் கொல்லனின் நிலைமையே அவருடையதும். மார்பு உப்பி, உதரவிதானம் தட்டையாகி, இழுக்கும் தசைகள் தம் முழு பலத்தையும் செலவிட்டும் அரை மூச்சுக்கு மேல் கிடைப்பதில்லை. அவர் நின்றுவிடுகிறார். இனி நடக்கவே கூடாது என்று பயந்தும் விடுகிறார்.

பயம் இங்கே பெரிய அனர்த்தம் விளைவிக்கிறது. நடவாத கால்கள் மாதக் கணக்கில் மெலிகின்றன. மெலிந்த தசை சிறிது உழைப்பிலேயே அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலத்தை ஈடுகட்டுவதற்காகச் சரீரம் இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்கிறது. ஆகவே நுரையீரல் சற்றும் மோசமாகாமலே இளைப்பு மட்டும் அதிகரிக்கிறது. பழுதுபட்ட நுரையீரலைப் புதுப்பிக்க இன்றைய வைத்தியத்தால் இயலாது. மெலிந்த கால்களைத் தேற்ற நிச்சயமாக இயலும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர் பெற்றிருக்கும் சிகிச்சை முழுவதும் இந்த ஓர் உண்மையின்மீதே நிற்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீதம் பொதுவாக எட்டு வாரமோ அதற்கு மேலோ, மேற்பார்வையின்கீழ் நடையும், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தலும், கைகளுக்குச் சிறு எடை தூக்கலுமாகச் செய்யப்படும் இந்த அப்பியாசத்தைப் பற்றிய 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளின் அனுபவத்தை, வைத்திய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் 2015 இல் தொகுத்துப் பார்த்தார்கள். இளைப்பு தணிகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது, வாழ்க்கை இலகுவாகிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லாமற் போகவே, வழக்கமான வைத்தியத்தோடு இதனை ஒப்பிடும் ஆய்வுகள் இனித் தேவையில்லை என்றே அவர்கள் எழுதிவிட்டார்கள். வைத்திய உலகில் இவ்வளவு உறுதியான தீர்ப்பு அபூர்வம். இருந்தும் நம் தாலுகாக்களில் இந்தச் சிகிச்சையின் பெயரைக் கேட்டறிந்த நோயாளியைத் தேடித்தான் காண வேண்டும்.

சுவாசகோச வியாதிக்கு ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையை ஒருமுறை தமிழ்நாடே உலகத்துக்காகத் தகர்த்தெறிந்தது என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் சேர்த்து, மாதக் கணக்கில் படுக்க வைத்து, நல்ல காற்றும் நல்ல உணவும் கொடுப்பது வைத்தியத்துக்கு இன்றியமையாதது என்று மேல்நாடுகளில் பரவலாக நம்பியிருந்த காலத்தில், 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை ராஜ்யச் சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி நடத்திய அந்த நிலையத்துக்கு வாலஸ் பாக்ஸ் தலைமை வகித்தார். ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை நெருக்கடி மிகுந்த தம் சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் சத்துக் குறைந்த உணவை உண்டார்கள், ஓய்வும் குறைவாகவே கொண்டார்கள். ஆயினும் அவர்கள் குணமானது ஏறத்தாழச் சானடோரியத்தாருக்கு ஒப்பாகவே இருந்தது என்று 1959 இல் வெளியான முடிவு உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. காசம் வேறு, இளைப்பு வேறு என்பதை நான் மறக்கவில்லை. கட்டிலில் கிடப்பதே நுரையீரலுக்குச் செய்யும் உபகாரம் என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட நாட்டில், அதே எண்ணம் வேறொரு வியாதியின் பெயரால் இன்னும் ஆட்சி செய்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

இனி, மூச்சே விட முடியாதவரை எப்படி நடக்க வைப்பது என்ற நியாயமான கேள்விக்கு வருகிறேன். நடக்கும்போது சுவாசத்துக்குத் துணை கொடுத்தே நடக்க வைக்க வேண்டும். அத்துணைகளில் மிகச் சிறியவை செலவில்லாதவை. உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் மூச்சை விடுவது அவற்றுள் முதலாவது. அது குழல்கள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் தாங்கி, தங்கிய காற்றை வெளியேற்றுகிறது. பிராணாயாமம் பயின்றோர் பூரகம், கும்பகம், ரேசகம் என்று பகுத்துச் சொல்லும் மூன்றில் இளைப்புக்காரருக்கு வேண்டியது நீண்ட ரேசகமே ஆகும். மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகத்தை, காற்று ஏற்கெனவே தேங்கி நிற்கும் மார்பில் வைத்தியரைக் கேளாமல் பழகலாகாது. நம் கிராமத்துப் பெரியவர்கள் பலர் சைக்கிளில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டே சந்தைக்குப் போவதைக் கண்டிருப்போம். கைப்பிடியில் சாய்ந்து கைகளுக்கு ஊன்று கிடைக்கும்போது, தோளிலும் கழுத்திலும் உள்ள தசைகள் சுவாசத்துக்கு உதவ விடுதலை பெறுகின்றன. மேல்நாட்டு வைத்தியசாலைகளில் இதே பயனுக்காகச் சக்கரம் வைத்த நடைவண்டியைக் கொடுக்கிறார்கள். பனையோலை விசிறியால் முகத்தில் காற்றுப் படும்படி விசிறிக்கொள்வதும் இளைப்பின் உணர்ச்சியைத் தணிக்கிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. புறப்படுமுன் இன்ஹேலர் மருந்தை முறையாக இழுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் அவசியம். இன்ஹேலர் எடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற வீண் அச்சத்தினால், மூச்சு முட்டும் நாளில் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடி நெபுலைசர் வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நம்மிடையே மிகப் பலர்.

அடுத்த துணை பிராணவாயு. தேகாப்பியாசத்தின்போது பிராணவாயு கொடுத்து நோயாளிகளை நடக்கவைக்கலாமென்று அமெரிக்க வைத்தியர் ஆல்வன் பாரக் 1950 களின் தொடக்கத்திலேயே எழுதினார். அதற்குப் பின் டென்வர் நகரத்தில் தாமஸ் பெட்டி தூக்கிச் செல்லத்தக்க கலங்களில் பிராணவாயுவைக் கொடுத்து நோயாளிகளை வெளியே உலவவிட்டார். இரத்தத்தில் பிராணவாயு மிகவும் தாழ்ந்திருப்போர் நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் அதனைச் சுவாசித்தால் ஆயுள் நீடிக்கிறது என்பது 1980 இலும் 1981 இலும் வெளியான அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகளால் ஸ்தாபிதமாயிற்று. ஆனால் எல்லா இளைப்புக்காரருக்கும் பிராணவாயு வேண்டுமென்று இதற்குப் பொருளில்லை. ஓய்வில் ஓரளவே தாழ்ந்தவர்களும், நடக்கும்போது மட்டும் தாழ்கிறவர்களுமான 738 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், பிராணவாயுவால் அவர்களுக்கு ஆயுளிலோ ஆஸ்பத்திரி வாசத்திலோ பயன் காணப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் 111 பேருக்கு, யாருக்கு எது என்று தெரியாதபடி, சிலருக்குப் பிராணவாயுவும் சிலருக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்து எட்டு வாரம் பயிற்சியளித்தார்கள். 2019 இல் வெளிவந்த முடிவின்படி இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். இதை நான் ஏழை நாட்டுக்குக் கிடைத்த நற்செய்தியாகக் கருதுகிறேன். பிராணவாயு இல்லையே என்பதற்காகப் பயிற்சியை ஒத்திப்போட வேண்டியதில்லை. பலன் தந்தது பயிற்சியே.

மெய்யாகவே பிராணவாயு தேவைப்படுகிறவரின் கதை வேறு. அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனை வடித்தெடுத்துப் பிராணவாயுவைத் தரும் கான்சென்ட்ரேட்டர் யந்திரம், கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021 இல் நமக்கெல்லாம் பழக்கமாயிற்று. அப்போது நன்கொடையாகவும் அரசுச் செலவிலும் ஆஸ்பத்திரிகளுக்கு ஏராளமாக வந்து சேர்ந்தது. வீட்டு உபயோகத்துக்கான யந்திரம் ஏறத்தாழ 300 வாட் மின்சாரம் கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்கு 4.5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 270 யூனிட் ஆகிறது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு விலையின்றிக் கிடைத்துவரும் 100 யூனிட், இந்த ஒரு யந்திரத்துக்கே இருபத்திரண்டு நாட்களில் தீர்ந்துபோகும். மின்கட்டணத்துக்குப் பயந்து யந்திரத்தை இரவில் மட்டும் ஓட்டும் குடும்பங்கள் உண்டு; அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவரின் சான்றோடு இத்தகைய யந்திரம் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தனிச் சலுகை கொடுப்பது மின்வாரியத்தின் கணக்கில் துளியும் பெரிதாகாது. உழவருக்கும் நெசவாளருக்கும் விலையின்றி மின்சாரம் வழங்கும் நாடு, மூச்சுக்கும் வழங்கலாம்.

எல்லாவற்றிலும் நுட்பமான துணை முகமூடி யந்திரமாகும். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி வழியாக, மூச்சு இழுக்கும்போது அதிக அழுத்தத்திலும் விடும்போது குறைந்த அழுத்தத்திலும் காற்றைச் செலுத்தும் இந்தக் கருவி, களைத்த உதரவிதானத்தின் வேலையில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு மிஞ்சிய சக்தி கால்களுக்குப் போகிறது. இதை அணிந்து பயிற்சி செய்தவர்களால் அணியாதவர்களைவிடக் கடுமையாக உழைக்க முடிந்தது என்று, 6 ஆய்வுகளையும் 126 நோயாளிகளையும் தொகுத்த 2014 ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை சொல்கிறது. ஆனால் அந்த அனுகூலம் அன்றாட வாழ்க்கையின் சுகமாக மாறுகிறது என்பதற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி, இரவில் இத்தகைய யந்திரத்தோடு உறங்கும் மிகக் கடுமையான நோயாளிகளுக்கு அது வேண்டியதாகலாம். அவர்களுக்காக மாவட்டத் தலைநகரில் அது இருந்தால் போதும். விலையுயர்ந்த யந்திரம் ஒன்றை வாங்கி, ரிப்பன் வெட்டித் திறந்துவைத்துவிட்டு, அதை இயக்கப் பயின்றவர் ஒருவரையும் நியமிக்காமல் விடும் வழக்கம் இதிலும் நேரக்கூடாது என்று அஞ்சுகிறேன். முதலில் ஆளும் நடை பழகத் தாழ்வாரமும், பிறகே யந்திரம் என்ற முறை மாறலாகாது.

நடக்கும்போது ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களின் கவலையையும் மதிக்கிறேன். நெஞ்சுவலி உள்ளவர், அண்மையில் மாரடைப்பு கண்டவர், சளி பழுத்துக் காய்ச்சலோடு இருப்பவர் ஆகியோர் வைத்தியர் அனுமதிக்கும் வரை பயிற்சியில் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கு, விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் நம்பகமான காவலாக இருக்கிறது. ஜப்பானியரான தாகுவோ அயோயாகி 1970 களில் கண்டறிந்த தத்துவத்தில் இயங்கும் அந்தச் சிறு கருவி இன்று பட்டிதொட்டியெங்கும் கிடைக்கிறது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற, ஆனால் பாட முடியாத அளவு இளைப்பே பயிற்சிக்கு உரிய அளவு. அந்த அளவு இளைப்பு வருவதும், நின்றால் சில நிமிஷங்களில் அது தணிவதும் தீங்கல்ல என்பதை நோயாளிக்கும், முக்கியமாக வாளியை வாங்கிக்கொள்ளும் அந்த மருமகளுக்கும், பக்கத்தில் நின்று ஒருவர் காட்டிக் கொடுக்க வேண்டும். பயம் நீங்குவதற்கு வேறு மார்க்கம் இல்லை.

இதற்கு வேண்டியவர்கள் யாரும் இனிப் பிறந்து வர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு போகிறது. இயன்முறை மருத்துவரையும் அழைத்துப் போகிறது. முழங்காலுக்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி கொடுக்கும் அதே கைகள், இளைப்புக்காரரின் நடைக்கும் பயிற்சி கொடுக்கலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, தன் நெஞ்சுநோய்ப் பிரிவின் பொறுப்பில் குஜிலியம்பாறை ஒன்றியத்தை முதற்களமாக எடுத்துக்கொள்ளட்டும். நோயைச் சரியாக நிர்ணயிக்கும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைக் கல்லூரி மாதமொருமுறை இங்கே கொண்டு வரட்டும். அதற்காக முதியவர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கித் திண்டுக்கல்லுக்கு அலைவது கொடுமை. மற்றதற்கு வேண்டியது 30 மீட்டர் நீளத்தில் நிழலான ஒரு தாழ்வாரம், நாலைந்து நாற்காலி, ஒரு கடிகாரம், ஓர் ஆக்ஸிமீட்டர், அவசரத்துக்கு ஒரு பிராணவாயு யந்திரம். ஆறு நிமிஷத்தில் ஒருவர் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று முதல் நாளும் எட்டாம் வார முடிவிலும் அளந்து எழுத வேண்டும். அதில் 30 மீட்டர் கூடினாலே நோயாளி தம் வாழ்க்கையில் அந்த வித்தியாசத்தை உணர்கிறார் என்பது வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட அளவுகோல்.

பயிற்சி நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காலை வேளையில் வைத்தால் ஆண்கள் வருவார்கள். சமையலும், ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும், நூறு நாள் வேலையும் முடியாமல் பெண்கள் வர மாட்டார்கள். அடுப்புப் புகையால் கெட்ட மார்புகள் அவர்களுடையவை; ஆதலால் அவர்களுக்கென்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தனி வேளை ஒன்று ஒதுக்கப்பட வேண்டும். பயிற்சிக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கு வாரம் ஒரு முறையாவது இயன்முறை மருத்துவர் போய், வாசலிலிருந்து தெருக்கோடி வரை அவர்களோடு கூடவே நடந்து வர வேண்டும்.